தெளிந்த கருவிழி, தேய்ந்த பார்வை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளியிறுதி வகுப்போடு நின்று ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுடன் காலங்கழிக்கும் எங்களுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். ஆயினும் எங்கள் இல்லத்தில் நேர்ந்ததைச் சொல்லாதிருக்க மனம் ஒப்பவில்லை.

எங்கள் தமக்கையாருக்கு இடக் கண் இளமையிலேயே போயிற்று. பின்னர் வலக் கண்ணின் கருவிழியும் புண்பட்டு வெளுத்தது. இறந்தவர் ஒருவர் ஈந்த கருவிழியைத் தைத்து மருத்துவர்கள் பார்வை தந்தனர். 1905ஆம் ஆண்டிலேயே மொராவியாவில் எட்வர்டு சிர்ம் என்னும் மருத்துவர் வென்று காட்டிய சிகிச்சை இது. சில மாதங்களில் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்துச் சொன்னார். வீட்டில் பாயசம் வைத்தோம்.

புதுக் கருவிழியை உடல் அயலென்று தள்ளிவிடாதிருக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்து, குறித்த நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். கண்தான் தெளிவாக இருக்கிறதே, விடுப்பெடுத்து அவ்வளவு தூரம் போவானேன் என்று இருந்துவிட்டோம். பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை வாங்கி வாங்கி விட்டோம். பிழை எங்களுடையதே.

எட்டு மாதம் சென்றபின் அக்காள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ளலானார். அழைத்துச் சென்றோம். கருவிழி கண்ணாடிபோல் இருக்கிறது, ஆனால் கண்ணின் அழுத்தம் 38 என்றார் மருத்துவர். பெரும்பாலோர்க்கு அது 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருப்பது.

கண்ணுக்குள் ஒருவகை நீர் ஓயாது ஊறி, கருவிழியின் ஓரத்து மூலையிலுள்ள சல்லடை போன்ற பகுதி வழியே வடிகிறது. ஸ்டீராய்டு மருந்து சிலருக்கு அவ்வடிகாலைத் தடுக்கிறது. அறுவைக்குப் பின் அம்மூலையே ஒட்டிக்கொள்வதும் உண்டு. எங்கள் தந்தையார் நீராவி எஞ்சினில் கரி தள்ளியவர். கொதிகலத்தில் ஆவி மிகுந்தால் காப்பு வால்வு தானே திறந்து சீறும் என்பார். கண்ணுக்கு அப்படியொரு வால்வு இல்லை. பலருக்கு வலியும் இல்லை. பார்வை நரம்பு மெல்ல நலிந்து, பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகிறது. போனது மீளாது. ஒட்டிய கருவிழியின் உட்புற உயிரணுக்களும் அழுத்தத்தால் மடியும்.

அப்படியானால் மருந்தை நிறுத்திவிடலாமே என்று எங்கள் வீட்டிலும் ஒருவர் சொன்னார். கூடவே கூடாது, ஒட்டிய கருவிழியையே இழக்க நேரிடும். குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவர் பொறுப்பு. சொன்ன நாளில் போய் அழுத்தத்தை அளக்கச் செய்வது நம் பொறுப்பு. தையலும் வளைவும் அளவைப் பிறழச் செய்யுமாதலால், அறுவை செய்த இடத்திலேயே அளப்பது நன்று.

மருந்தை மாற்றி, அழுத்தம் குறைக்கும் சொட்டும் கொடுத்தபின் இப்போது 16இல் நிற்கிறது. இழந்த ஓரப் பார்வை திரும்பவில்லை. அக்காள் இதோ முன்வரிசை நடுவில் அமர்ந்திருக்கிறார். சற்றுமுன் நம் குழந்தைகள் ஆடியபோது, அவர்கள் மேடையோரம் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார்.