பெரிய வட்டும் பழைய பயாஸும்

பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியிலும் இடுக்கியின் மூணாறிலும் தமிழ்வழிப் பள்ளிகள் நடைபெறுவதை நேயர்கள் அறிவீர்கள். கேரளத்தின் மற்ற அரசுப் பள்ளிகளைப் போலவே அங்கும் கணினிப் பாடம் லினக்ஸில்தான். 2001-இல் தோன்றிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. அங்குப் பயின்றோர் பெங்களூருக்கோ மும்பைக்கோ செல்லும்போது, லினக்ஸைப் பெரிய வெளிவட்டொன்றில் நிறுவி உடன் கொண்டுசெல்ல விரும்புதல் இயல்பே.

நிறுவுதல் எளிதில் முடிகிறது. மறுமுறை இயக்கினால் திரை இருண்டு நிற்கிறது. வட்டு கெட்டதென்று எண்ணி, ஊர்ப் புகைப்படங்களோடு அனைத்தையும் அழித்துவிடுகிறோம்! பொறுத்திருக்கலாம்.

கணினியில் முதலில் விழிப்பது லினக்ஸ் அன்று, பயாஸ். பழைய பயாஸ்கள் சில, வட்டின் கூறுகளை 28 பிட்டுகளில் எண்ணுவன. கூறொன்றுக்கு 512 பைட்டு. ஆகவே 137 ஜிகாபைட்டுக்கு அப்பால் அவற்றின் கை எட்டாது. பல மாதம் ஒழுங்காக இயங்கிய வட்டு, கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் படுத்துவிடுவதும் இதனால் நேரலாம். புதிய கோப்பு எல்லைக்கு வெளியே எழுதப்பட்டிருக்கும். வட்டின் தொடக்கத்தில் 'பூட்' கோப்புகளுக்கென ஒரு ஜிகாபைட்டைத் தனியே ஒதுக்கினால் இத்தொல்லை இல்லை.

இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டாயின் பழைய எம்.பி.ஆர். அட்டவணை போதாது, ஜி.பி.டி. வேண்டும். யு.இ.எஃப்.ஐ. கணினிகளில் துவக்க நிரல் உள்வட்டில் எழுதப்பட்டுவிடுவதும் உண்டு. அதனை வெளிவட்டிலேயே எழுதச் செய்தல் வேண்டும்.

எதற்கும் முன்பு, லினக்ஸ் உள்ள சிறு பென் டிரைவால் கணினியை இயக்கி வட்டைத் திறந்து பாருங்கள். கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.