வானத்தில் இருக்கும் சாட்சி யாருக்காகப் பேசணும்?

(மேல்சித்தாமூர் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, உங்க ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் பகிருங்க.)

 

மேல்சித்தாமூர்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்குச் சமண மடம் ஞாபகத்துக்கு வரும். பார்சுவநாதர் கோயில் ஞாபகத்துக்கு வரும். நமக்கு அதோட சேர்த்து நெல்லும் மல்லாட்டையும் உளுந்தும் ஞாபகம் வரும். அந்த வயலைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். வரப்புல நின்னு இல்ல, ஏறக்குறைய 700 கிலோமீட்டர் உயரத்துல இருந்து பார்த்துப் பேசப் போறேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. கடந்த பிறகும் நகராம நின்னு கொட்டுச்சு. பக்கத்துல இருக்குற மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர் மழை. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில வெள்ளம். விழுப்புரம் மாவட்டத்துல பயிர் வச்சவங்க பட்ட பாட்டை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

தண்ணி வடிஞ்ச பிறகுதான் நிஜமான கேள்வி வருது. என் வயல்ல தண்ணி நின்னதுக்கு யார் சாட்சி? என் பயிர் போனதுக்கு என்ன ஆதாரம்?

இன்னைக்கு அந்த ஆதாரம் எப்படி எடுக்குறாங்க? 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், முக்கியப் பயிருக்கு ஒரு கிராமத்தில் குறைந்தது 4 இடத்தில் அறுவடைச் சோதனை நடத்தணும். நெல்லுன்னா ஒவ்வொரு இடமும் 5 மீட்டருக்கு 5 மீட்டர். கணக்குப் போடுங்க. 4 இடமும் சேர்த்து 100 சதுர மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். இரண்டரை சென்ட் நெல்லை அறுத்து எடை போட்டு, ஊர் முழுசுக்கும் தீர்ப்பு! மேட்டு வயல்ல அறுத்தா ஒரு கணக்கு, பள்ளத்து வயல்ல அறுத்தா வேற கணக்கு.

இதுக்கு மாற்றுச் சாட்சி இருக்கா? இருக்கு. வானத்தில் இருக்கு.

ஐரோப்பிய விண்வெளி முகமை 2014 ஏப்ரல்ல சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோளை அனுப்புச்சு. சாதாரண கேமரா மேகம் இருந்தா பார்க்காது. நமக்கு மழைக்காலத்துலதான் சம்பா, மழைக்காலத்துலதான் மேகம். ரேடார் அப்படி இல்ல. அதுவே அலையை அனுப்பி, திரும்பி வர்றதை அளக்கும். மேகம் மறைக்காது, இருட்டும் தடையில்ல. நாற்று நட்டு தண்ணி நிக்கிற வயல் கண்ணாடி மாதிரி அலையை வேற பக்கம் தள்ளிடும். படத்துல கறுப்பா விழும். பயிர் தூர் கட்டி வளர வளர வெளுப்பாகும். எந்த வயல்ல எப்போ நட்டாங்க, பயிர் எப்படி ஏறுச்சுன்னு இதை வச்சுக் கணிக்கலாம். படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். உங்க அரை ஏக்கர் நிலம் சுமார் 20 கட்டம்.

இந்தப் படத்துக்கு என்ன விலை? இலவசம். உலகத்துல யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம். எப்பவும் இப்படி இருந்ததில்ல. அமெரிக்காவோட லேண்ட்சாட் படம் ஒன்றுக்கு 600 டாலர் வரை வாங்குனாங்க. 2008-ல் அமெரிக்க அரசு விலையை எடுத்துட்டு எல்லாருக்கும் திறந்து விட்டுச்சு. ஐரோப்பாவும் அந்த வழியில் வந்துச்சு. நம்ம நாட்டோட 2023 விண்வெளிக் கொள்கையும் 5 மீட்டரும் அதுக்கு மேலும் உள்ள அளவிலான இஸ்ரோ படங்களை இலவசமாகத் திறந்து தரணும்னு சொல்லுது. 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து போன நிசார், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோள். அதன் தரவும் எல்லாருக்கும் பொது.

ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். படம் இலவசம்னா பதில் இலவசம்னு அர்த்தமில்ல. அந்தப் படத்தை அப்படியே உங்க கையில கொடுத்தா கறுப்பு வெள்ளைப் புள்ளிதான் தெரியும். அதை "இந்த ஊர்ல இவ்வளவு நெல் நட்டாங்க, இவ்வளவு விளையும்"னு மாத்த மென்பொருள் வேணும், கணினி வேணும், வயல்ல இறங்கிச் சரிபார்க்க ஆள் வேணும். அங்கேதான் அரசும் தனியாரும் கைகோக்குற ஏற்பாடு வருது.

தமிழ்நாட்டுலயே அதுக்கு நல்ல உதாரணம் இருக்கு. ரைஸ் என்ற பெயரில் ஒரு கூட்டு முயற்சி. சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி உதவி அமைப்பு பணம் போட்டுச்சு. ஜெர்மனியின் ஜி.ஐ.இசட். அமைப்பும் பிலிப்பைன்ஸில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்தாங்க. சார்மாப் என்ற தனியார் நிறுவனம் படத்தைப் படிக்கும் மென்பொருளைக் கொடுத்துச்சு. அலையன்ஸ் காப்பீட்டு நிறுவனமும் பங்கெடுத்துச்சு. இங்கே வயல்ல இறங்கி வேலை செய்தது கோயம்புத்தூரில் இருக்கும் நம்ம தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

பலன் என்ன? 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போச்சு. 140 வருஷத்தில் இல்லாத வறட்சின்னு சொன்னாங்க. எந்த ஊர்ல நடவே நடக்கல, எந்த ஊர்ல நட்டும் காய்ந்ததுன்னு பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் படத்தை வச்சுச் சொல்லுச்சு. காப்பீட்டுப் பணத்தைச் சீக்கிரம் கொடுக்க அது உதவுச்சு. 2 லட்சத்துக்கும் அதிகமான விவசாயிகள் பணம் வாங்குனாங்க. எங்கோ ஐரோப்பாவில் ஒருத்தர் கட்டிய வரியில் பறக்குற செயற்கைக்கோள், இங்கே நம்ம ஆளுக்குச் சாட்சி சொல்லுச்சு!

இதைக் குறை சொல்ல நான் வரல. நல்லதை நல்லதுன்னு சொல்லணும். ஆனா இப்போ ஆட்டம் மாறியிருக்கு, அதைத்தான் கவனிக்கணும்.

2023 காரிஃப் பருவத்தில் மத்திய அரசு ஒரு புது முறை கொண்டு வந்துச்சு. நெல்லுக்கும் கோதுமைக்கும் மகசூல் கணக்கில் குறைந்தது 30 சதவீத எடை செயற்கைக்கோள் கணிப்புக்கு. அதாவது, வானத்துல இருந்து வர்ற எண் உங்க பாஸ்புக்ல விழுற எண்ணை மாத்தும். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் நீங்க கட்டுறீங்க. மீதிப் பிரீமியம் அரசுகள் கட்டுது. அதுவும் உங்க வரிதான். அப்போ அந்த எண் எப்படி வந்துச்சுன்னு பார்க்குற உரிமை யாருக்கு இருக்கணும்? கம்பெனிக்கு மட்டுமா? அதிகாரிக்கு மட்டுமா? உங்களுக்கு வேண்டாமா?

சாட்சி கூண்டில் ஏறிப் பேசுது. ஆனா வழக்குப் போட்டவன் காதில் விழல. இது என்ன நியாயம்?

அந்தச் சாட்சிக்கும் குறை உண்டு, மறைக்கக் கூடாது. ஒரு சென்டினல் செயற்கைக்கோள் அதே இடத்தை அதே கோணத்தில் மறுபடி பார்க்க 12 நாள் ஆகும். ஃபெஞ்சல் மாதிரி ஒரு ராத்திரியில் வந்து, மூணு நாள்ல வடியுற வெள்ளத்தை அது பார்க்காமலே போகலாம். வரப்போரக் கட்டத்தில் உங்க பயிரும் பக்கத்து வயல் கரும்பும் கலந்து தெரியும். தண்ணி கட்டி நடுற நெல்லைக் கண்டுபிடிக்குற அளவுக்கு மானாவாரி மல்லாட்டையைக் கண்டுபிடிக்குறது சுலபமில்ல. அதனாலதான் ஊர்க்காரன் கண்ணும் வேணும், வானத்துக் கண்ணும் வேணும்.

எனவே நாம் நாலு விஷயம் கேட்போம்.

1. காப்பீட்டுக்குப் பயன்படுத்தும் நடவுப் பரப்பு வரைபடம், மகசூல் கணிப்பு இரண்டையும் கிராமவாரியாகத் தமிழில் வெளியிடணும். இணையத்தில் மட்டும் போதாது; ஊராட்சி மன்ற அலுவலகச் சுவரில் ஒட்டணும், கிராம சபையில் வாசிக்கணும்.

2. பணம் முடிவாவதற்கு முன்னாடி ஆட்சேபம் சொல்ல நாள் கொடுக்கணும். "படம் தப்பு"ன்னு ஊர் சொன்னா, வயலுக்கு ஆள் வந்து பார்க்கணும்.

3. பொதுப் பணத்தில் எடுத்த படத்தை வச்சு, பொதுப் பணத்தில் ஒரு தனியார் நிறுவனம் கணக்குப் போட்டா, அந்தக் கணக்கும் பொதுச் சொத்து. ஒப்பந்தத்திலேயே இதை எழுதணும். கம்பெனி லாபம் பார்க்கட்டும், தப்பில்ல. ஆனா ஒப்பந்தம் முடிஞ்ச மறுநாள் பூட்டுப் போட்டுட்டுப் போகக் கூடாது.

4. சரிபார்க்கும் வேலைக்கு நம்ம ஊர்ப் பிள்ளைகளை எடுக்கணும். செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பக்கம் படிச்ச பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தா, எந்த வயல் எதுன்னு அவங்களைவிட யாருக்குத் தெரியும்?

அரசிடம் கேட்குறதோட நம்ம வேலை முடியாது. பயிர் வச்சதும் அடங்கல்ல சரியா ஏறியிருக்கான்னு பாருங்க. புல எண் தப்பா இருந்தா வானத்துல எவ்வளவு பெரிய கண் இருந்தும் பிரயோஜனமில்ல. காப்பீடு கட்டுன ரசீதைப் பத்திரமா வைங்க. 2018-ல் நெல் வயல் மூழ்குறதைத் தனி நபர் இழப்பீட்டுப் பட்டியல்ல இருந்து எடுத்திருந்தாங்க. 2026 காரிஃப் முதல் மறுபடி சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவிச்சுச்சு. பாதிப்பு நடந்த 72 மணி நேரத்துக்குள்ள புகார் பதியணும். வயல்ல நின்னு கைபேசி செயலியில் இடக்குறியோட படம் எடுங்க. அதுவும் ஒரு சாட்சிதான். வயசானவங்களுக்குத் தம்பி தங்கைகளே, நீங்க எடுத்துக் கொடுங்க. கட்சிப் பொறுப்பாளர்கள் ஒவ்வொரு ஊரிலும் இதுக்கு ஒரு ஆளை நிறுத்தணும்.

அடுத்த கிராம சபையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எங்க ஊர்ப் படத்தைக் காட்டுங்க." சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். கேள்வியைத் தீர்மானமா எழுதி, கையெழுத்துப் போட்டு வைங்க.

மழையைத் தடுக்க நம்மால முடியாது. ஆனா நம்ம நெல்லுக்கு நடந்ததை நம்மகிட்டயே மறைக்காம பார்த்துக்க முடியும். வானம் எல்லாருக்கும் பொது; அங்கிருந்து எடுத்த கணக்கும் பொதுவாத்தான் இருக்கணும்!



#எங்க_ஊர்ப்_படத்தைக்_காட்டுங்க
#உழவர்_உரிமை