‘நிலம்’ என்றால் வயல்

(கழக்கூட்டத்தில் நடைபெற்ற சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாகர்கோவிலிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்து, சாந்துச் சட்டி சுமந்து பிழைக்கிற நம்மிடம் வயல் பாதுகாப்பைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சொந்த ஊரிலேயே ஒரு குழி வயல் இல்லாதவர்கள் நம்மில் பாதிப்பேர். ஆனால் இந்தப் பிரச்சினை நம் சமையற்கட்டிலும், நாம் சிறுகச் சிறுகச் சேர்த்த சீட்டுப் பணத்திலும் வந்து நிற்கிறது.

இந்தக் கழக்கூட்டத்தைப் பாருங்கள். 1990-ல் டெக்னோபார்க் வந்தது. அதன் பின்னால் நெடுஞ்சாலை, அடுக்குமாடிகள், விடுதிகள், பள்ளிப்புறத்தில் டெக்னோசிட்டி. கட்டியவர்களில் நாமும் உண்டு. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. தொழில் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எந்த இடத்தில் கட்டுவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், மக்களா, மண் லாரி முதலாளியா? அதுதான் கேள்வி.

கேரளத்தில் 1974-75-ல் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இன்று ஏறக்குறைய 2 லட்சம் ஹெக்டேர். மீதி எங்கே? கொஞ்சம் ரப்பராயிற்று, கொஞ்சம் தென்னையாயிற்று, கொஞ்சம் தரிசாய்க் கிடந்து மனையாயிற்று. நாம் வாங்குகிற அரிசி தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் லாரியில் வருகிறது. ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குச் சோறு போட்ட நாஞ்சில் நாடு 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அங்கும் இப்போது வயலில் மனைக்கல் நடுகிறார்கள் என்பதை ஊருக்குப் போய்வருகிற உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1967-லேயே நிலப் பயன்பாட்டு ஆணை வந்தது. கலெக்டர் அனுமதியின்றி வயலை மாற்றக்கூடாது என்றது. ஏட்டில் இருந்தது. 1997-ல் விவசாயத் தொழிலாளர்கள் வயலில் வைத்த மாற்றுப் பயிர்களை வெட்டிச் சாய்த்துப் போராடினார்கள். அதன் முன்னணியில் நின்றவர் வி.எஸ். அச்சுதானந்தன். முறை சரியா என்று அன்று பெரிய வாக்குவாதம் நடந்தது. அவரே முதலமைச்சராக இருந்த 2008-ல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வயலை நிரப்பினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் சிறை. கலெக்டர் நினைத்தால் கொட்டிய மண்ணை அள்ளச் சொல்லி வயலைப் பழையபடி ஆக்கலாம். உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவில் விவசாயிகளுக்கும் இடம் உண்டு. எந்தெந்த வயல் பாதுகாக்கப்பட்டது என்பதற்கு ‘டேட்டா பாங்க்’ என்ற பட்டியலும் உண்டு.

பிறகு 2018-ல் திருத்தம் வந்தது. பதிவேட்டில் வயல், ஆனால் பட்டியலில் இல்லை என்றால், கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம். 2008-க்கு முன்பே மேடாகிப்போன இடத்தில் குடிசை போட்ட ஏழைக்கு இது நிவாரணந்தான், மறுக்கவில்லை. ஆனால் பட்டியலிலிருந்தே வயலைக் கழற்றிவிட மனுக்கள் குவியும்போது, தடுப்புச் சுவரில் கதவு வைத்த கதையாகிறது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான்: 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுத்தது, மனைப் பிரிவைத் தடுக்கவில்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1973-லேயே விவசாய நிலத்தை ஒதுக்கி வைத்து, அதை மாற்றுவதானால் தனி ஆணையத்திடம் போ என்றது. ஒவ்வொரு ஊராட்சியின் தலையிலும் அந்தப் பாரத்தைக் கட்டவில்லை.

விவசாயிக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நெல்லில் நஷ்டம், மனையில் லட்சம் என்றால் அவன் எத்தனை நாள் தாங்குவான்? 2020-ல் வயலை வயலாக வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது கேரள அரசு. எண்ணம் நல்லது. தொகையோ ஒரு சென்ட் மனை விலைக்குப் பக்கத்தில்கூட நிற்காது.

வயல் என்பது நெல் மட்டுமல்ல, மழைநீர் நிற்கிற இடமும் அதுதான். 2023 அக்டோபரில் தெற்றியாறு பொங்கி டெக்னோபார்க் பகுதி முழுகியதே, அப்போது தாழ்வான அறைகளில் பாயும் பாத்திரமும் மிதந்தது யாருக்கு?

இப்போது நம் பணத்தின் விஷயம். கவனமாகக் கேளுங்கள். நம் ஊரில் நிலம் என்றால் எந்த நிலமும்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்றால் நெல்வயல். வீடு கட்டத்தக்கது ‘புரயிடம்’. பத்திரத்தில் ‘நிலம்’ என்றிருப்பதைப் பார்த்து, சரிதானே என்று கையெழுத்துப் போட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு கட்டட அனுமதி கிடைக்காது. சொந்தமாக வீடில்லாத வயல் உரிமையாளருக்குச் சட்டத்தில் சலுகை உண்டு: ஊராட்சியில் 10 சென்ட், மாநகராட்சியில் 5 சென்ட். கழக்கூட்டம் 2010-ல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது; ஆகவே இங்கே 5-தான். அதுவும் வாங்குகிற நமக்குக் கிடைக்கும் என்று தரகர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

முன்பணம் கொடுக்குமுன் வில்லேஜ் ஆபீசில் வரிப் பதிவேட்டைப் பாருங்கள். கிருஷி பவனில் டேட்டா பாங்கைப் பாருங்கள். மலையாளம் வாசிக்கத் தெரியாதவர்கள் பத்திர நகலோடு ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கத்துக்கு வரலாம். வாசித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. லாரி ஓட்டும் தோழர்களே, இரவில் மண் கொட்டச் சொன்னால் எந்த சர்வே எண் என்று முதலில் கேளுங்கள். பிடிபட்டால் ஸ்டேஷனில் நிற்பது வண்டியும் நீங்களும்தான்.