அயல்நாட்டிற் பாடசாலை தேடும் பெற்றோர்



தாய்நாட்டை விட்டு வேற்று நாட்டிற் குடியேறிய பெற்றோருக்கு, வீடும் வேலையும் அமைந்தபின் எழுகின்ற பெருங் கேள்வி, பிள்ளையை எந்தப் பாடசாலையிற் சேர்ப்பது என்பதாகும். கற்பித்தலின் தரம், பரீட்சைப் பெறுபேறு, வீட்டிலிருந்துள்ள தூரம் ஆகியவற்றை எல்லாப் பெற்றோருமே பார்ப்பர். குடியேறியோர் இன்னும் ஒன்றையும் பார்க்கின்றனர். அவ்வகுப்பிலே தம் பிள்ளையை ஒத்தவர் எத்தனை பேர், பிறர் எத்தனை பேர் என்பதே அது. இங்கிலாந்தின் அனுபவத்தைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

இலண்டனின் மேற்கிலுள்ள சவுத்தோல் என்னும் பகுதியிலே 1950களிற் பஞ்சாபியர் பலர் குடியேறினர். 1963இல் அங்குள்ள வெள்ளையப் பெற்றோர் சிலர், பாடசாலையிற் குடியேறியோர் பிள்ளைகள் மிகுந்துவிட்டனர் என முறையிட்டனர். அந்நாளிற் கல்வி அமைச்சராயிருந்த சேர் எட்வேர்ட் பொயில் நேரிற் சென்று அவர்களைச் சந்தித்தார். எந்தப் பாடசாலையிலும் குடியேறியோர் பிள்ளைகள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குக்கு மேற்படலாகாது என்னும் கருத்து வலுப்பெற்றது. 1965இல் அரசாங்கம் விடுத்த சுற்றறிக்கையும் அதனையே பரிந்துரைத்தது.

விளைவு யாது? சின்னஞ் சிறுவர் நாள்தோறும் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டுத் தொலைவிலுள்ள பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். ஏற்றப்பட்டவர் குடியேறியோரின் பிள்ளைகளே. பாடசாலை விட்டதும் அவர்கள் வண்டியைப் பிடிக்க வேண்டும். தோழரோடு தங்கி விளையாட இயலாது. தாய்மார் ஆசிரியரைக் காண்பதும் அரிதாயிற்று. கலப்பு நல்லதே; ஆனால், அதன் சுமை முழுவதையும் ஒரு சாராரின் பிள்ளைகளே சுமந்தனர். இலண்டன் உள்நகரக் கல்வி அதிகாரசபை இம்முறையை ஏற்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

பின்னர், 1980ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், விரும்பும் பாடசாலையைக் குறிப்பிடும் உரிமையைப் பெற்றோருக்கு அளித்தது. எண்ணிக்கையை அதிகாரிகள் எடைபோட்ட காலம் போய், பெற்றோர் தாமே எடைபோடுங் காலம் வந்தது. 1983இன் பின் நம் நாட்டிலிருந்து சென்று ஹரோ, ஈஸ்ற்ஹாம், ரூற்றிங் முதலிய இடங்களிற் குடியமர்ந்த தமிழரும் இத்தராசைக் கையில் எடுத்தனர்.

தராசின் இரு தட்டுகளிலும் அச்சமே இருக்கின்றது. வகுப்பில் ஒரேயொரு தமிழ்ப் பிள்ளையாயின், பெயரைச் சொன்னாலே பிறர் நகைப்பரோ, தன் வீட்டு உணவையும் மொழியையும் எண்ணிப் பிள்ளை நாணுமோ என்பது ஓர் அச்சம். எல்லாரும் நம்மவராயின் ஆங்கிலம் தேறுமோ, பிற மக்களோடு பழகத் தெரியுமோ என்பது மற்றையது. வாரவிறுதித் தமிழ்ப் பாடசாலைகள் முதலாவது அச்சத்தைப் பெரிதுந் தணிக்கின்றன. தமிழையும் நம்மவர் நட்பையும் அங்கே பெறும் பிள்ளையை, வார நாட்களிற் பல்லினத்தார் பயிலும் பாடசாலைக்குத் துணிந்து அனுப்பலாம்.

எனினும், தெரிவுரிமை எல்லார்க்கும் ஒன்றாய் அமைவதில்லை. இடத்துக்குப் போட்டி மிகுந்த பாடசாலைகள் பல, அருகில் வசிப்போருக்கே முதலிடம் அளிக்கின்றன. அங்கே வீடு வாங்க வல்லவன் தெரிவு செய்கின்றான். வாடகைக்கு அறை தேடுபவனோ கிடைத்ததை ஏற்றுக்கொள்கின்றான்.

ஆகவே, பெற்றோர் எண்ணிக்கையோடு நின்றுவிடலாகாது. பத்து இனத்தார் பயிலும் பாடசாலையிலும், உணவு வேளையிற் பத்து மேசைகளில் அவரவர் தனித்தனியே அமர்ந்திருந்தால் அதனைக் கலப்பென்று கூறலாமா? விளையாட்டு வெளியை ஒருமுறை பாருங்கள். ஆசிரியர் பிள்ளையின் பெயரைத் திருத்தமாகச் சொல்ல முயல்கின்றாரா, இழிசொல் பேசியவன் கண்டிக்கப்படுகின்றானா, ஆங்கிலம் குறைந்தோர்க்குத் தனி உதவி உண்டா என்று கேளுங்கள். 1985இல் வெளியான சுவான் அறிக்கை, பல்லினச் சமுதாயத்துக்கேற்ற கல்வி சிறுபான்மையோருக்கு மட்டுமன்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதென வற்புறுத்தியது. அவ்வுண்மையை உணர்ந்து நடக்கும் பாடசாலையிலே, நம் பிள்ளை நூற்றில் ஒருவனாயினும் தனியனாக மாட்டான்.