பலகாரக் காலத்தில் ஓட்டம்

தீபாவளி வந்தால் ஜாசின், அலோர்காஜா வட்டாரத் தோட்டங்களில் ஓடிப் பழகும் பிள்ளைகளின் காலணி மூலைக்குப் போய்விடுகிறது. பழி முறுக்கின்மேல் விழுகிறது. முறுக்கு பாவம்! நாலு நாள் பலகாரம் ஓட்டக்காரரைக் கெடுத்துவிடாது. அடியோடு நிறுத்துவதுதான் கெடுக்கும். 2 வாரம் சும்மா இருந்தாலே உடலில் இரத்தத்தின் அளவு குறைந்து, மூச்சுத்திறன் இறங்கத் தொடங்கும். வாரம் 2 நாள், அரை மணி நேரம், வழக்கமான வேகத்தில் ஓடினால் அது பல வாரங்களுக்குத் தாக்குப்பிடிக்கும்.

நேரமில்லை என்பவர்கள் 'பறக்கும் டாக்டர்' எம். ஜெகதீசனை நினைக்கலாம். மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர் அவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2017இல் முறியடித்த கைருல் ஹாபிஸ் ஜந்தான் மலாக்காக்காரர்தான்.

அன்று பால்மரம் வெட்டப் போனவர்கள் விடியுமுன் எழுந்தார்கள். ஓட்டத்திற்கும் விடியற்காலையே நல்லது. மாலையில் மழையும் வரும், விருந்தாளியும் வருவார்கள். இருட்டில் செம்பனைச் சாலையில் தனியாக ஓடாமல், வெள்ளைச் சட்டையோடு இருவராக ஓடட்டும். தீபாவளியன்று எண்ணெய்க் குளியல், ஓய்வு. மறுநாள் சாலைக்கு வந்துவிட வேண்டும். விருந்து வீட்டில் சிரப் தண்ணீருக்குப் பதில் வெறும் தண்ணீர் கேட்டால் எந்த அத்தையும் கோபிக்கப்போவதில்லை.