ஆயிரம் ரூபாய் குறைத்து வாங்கிய பாய்

(மகளிர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாய்மார்களே, சகோதரிகளே, கைத்தொழில் பற்றி ஏதாவது பேசுங்கள் என்றார்கள். எனக்குத் தையலும் வராது, பின்னலும் வராது. வாங்கத்தான் தெரியும். அதையும் சரியாகச் செய்யவில்லை என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

போன வருடம் என் தம்பி மகளுக்கு நிக்காஹ். பத்தமடைப் பாய் ஒன்று சீராகக் கொடுக்க ஆசைப்பட்டேன். என் கல்யாணத்துக்கு உம்மா கொடுத்த பாய், ஓரம் நைந்துபோனாலும், இன்னும் வீட்டில் இருக்கிறது. கடைக்கு அலைய முடியாமல் மொபைலில் தேடினேன். 'பத்தமடைப் பாய், கைநெசவு, 899 ரூபாய்' என்று ஒரு படம். உடனே பணம் கட்டிவிட்டேன். நாலாம் நாள் பார்சல் வந்தது. பிரித்தால் பிளாஸ்டிக் வாடை! கோரைப் புல் ஒரு இழைகூட அதில் கிடையாது.

அசல் பாய் எப்படி உருவாகிறது என்று தெரிந்திருந்தால் அந்த விலையைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கும். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகிற வழியில் இருக்கிறது பத்தமடை. தாமிரபரணிக் கரையோரம் விளைகிற கோரையை அறுத்துக் காயவைத்து, கீறி, உள்ளே இருக்கும் சோற்றை நீக்குகிறார்கள். நயமான பாய்க்கு அந்த இழையை ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு மறுபடியும் காயவைக்க வேண்டும். அப்புறம் சாயம். பிறகுதான் தறி. தரையோடு தரையாகக் கட்டிய தறியில் பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, கோரையை ஒவ்வொரு இழையாகக் கோத்து நெய்கிறார்கள். நயத்தைக் 'கவுண்ட்' என்று எண்ணில் சொல்வார்கள். 100க்கு மேல் போனால் துணி மாதிரி மடித்துவிடலாம். பட்டுப் பாய் என்று பெயர் வந்தது அந்த வழவழப்பினால். பட்டு நூலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மணமக்கள் பெயரையும் தேதியையும்கூடப் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். 1953இல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போன கதையை அந்த ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இதை நெய்து வருகிறவர்கள் பெரும்பாலும் நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள். தாவூது நபி (அலை) தம் கையால் கவசம் செய்து பிழைத்தவர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கையால் பிழைக்கிற பெண்ணிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்?

தெரிந்தவர் மூலம் நெய்கிற ஒரு அம்மாவின் நம்பர் கிடைத்தது. பெயர் நெய்த நயப் பாய்க்கு ஆறாயிரம் கேட்டார்கள். பழக்க தோஷம், நாலாயிரத்தில் ஆரம்பித்தேன். 'சரிம்மா, கல்யாணப் பிள்ளைக்குத்தானே, ஐயாயிரம் கொடுங்க' என்றார்கள். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

வாரம் ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் வரும். பெயரை ஆரம்பிக்கும் முன் போன் செய்து, 'எழுத்தை ஒரு தடவை சரியா எழுதி அனுப்புங்க, நெய்துட்டா பிரிக்க முடியாது' என்றார்கள். பாய் முடிந்ததும் வாங்கிவர நானே போனேன். தேநீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். எழுந்திருக்கும்போது மூட்டைப் பிடித்துக்கொண்டே எழுந்தார்கள். பேச்சோடு பேச்சாகச் செலவு எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். கோரை, நூல், சாயம் எல்லாம் சேர்த்து 1,200. மீதி 3,800. நெய்தது 50 நாள். பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 76 ரூபாய். நான் குறைத்த ஆயிரம், அவர்களுடைய பதிமூன்று நாள் கூலி. மண்டபத்தில் ஐஸ்கிரீமுக்கு நாங்கள் பேரம் பேசவேயில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் ஆயிரத்தை ஜிபேயில் அனுப்பினேன். அவர்கள் உடனே போன் செய்து, 'தப்பா வந்துடுச்சும்மா, திருப்பி அனுப்பட்டுமா?' என்று கேட்டார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை.

பேரமே பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இடையில் நின்று விற்கிறவரிடம் தாராளமாகப் பேசுங்கள். நெய்கிறவரிடம் பேசுகிறபோது, 'எத்தனை நாள் ஆகும்?' என்று முதலில் கேளுங்கள். அந்த நாளால் விலையை வகுத்துப் பாருங்கள். அதற்கு மேலும் குறைக்க மனம் வந்தால் உங்கள் இஷ்டம்.

மொபைலில் வாங்குகிறவர்கள் ஏமாறாமலும் இருக்க வேண்டும். பளபள படத்தை நம்பாதீர்கள். பாயின் பின்பக்கத்தையும் ஓரத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மடித்துக் காட்டி வீடியோ கேளுங்கள். உண்மையாக நெய்கிறவர்கள் தறியையே காட்டுவார்கள். என்ன கவுண்ட், நீளம் அகலம் எவ்வளவு, கைத்தறியா விசைத்தறியா என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். விசைத்தறியில் நெய்த கோரைப் பாயும் இருக்கிறது. அது மோசமான பொருள் இல்லை, ஆனால் கைநெசவு விலைக்கு வாங்கக்கூடாது. முகம் தெரியாதவருக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள். தெரிந்தவர் மூலம் வந்த நெசவாளி என்றால், நூலும் கோரையும் வாங்க முன்பணம் கொடுத்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. படத்தில் பார்த்த சிவப்பு வேறு, வந்த சிவப்பு வேறு என்று திருப்பி அனுப்புகிறோம். கையால் சாயம் ஏற்றினால் ஒரு பிடி இன்னொரு பிடி மாதிரி வராது. உங்கள் பெயர் நெய்த பாயை அவர்கள் வேறு யாருக்கு விற்பது? குறை இருந்தால் சொல்லுங்கள், மறைத்து விற்பது அவர்களுக்கும் கூடாது. ஆனால் ஓரத்தில் ஒரு இழை ஏறி இறங்கியிருப்பது குறையல்ல.

வந்த பாயை ஈரத்தோடு மடிக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். நிழலில் உலர்த்திச் சுருட்டி வையுங்கள்.

அந்த அம்மாவுக்கு அக்கம்பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர் நெய்கிறார்கள். அவர்கள் சம்மதத்தோடு நம்பர்களை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். ஷவ்வாலில் நிக்காஹ் வைத்திருப்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள், ஒரு பாய்க்கு இரண்டு மாதம் ஆகும். பெயரின் எழுத்தைச் சரிபார்த்து எழுதிக் கொடுங்கள்.

வஸ்ஸலாம்.