மீட்டர் இருட்டானால் பின்னால் பாருங்கள்

(நமது நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக் இல்லை. படித்தது பி.காம். முப்பத்தைந்து வருடம் வங்கியில் எழுத்தராக உட்கார்ந்தவன். அப்படியிருந்தும் செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் என் பழைய மாருதி 800. 1999 மாடல். 15 வருடம் முடிந்து ஆர்.சி.யை இரண்டு முறை புதுப்பித்தாகிவிட்டது. நம் வளாகத்தில் இதே வயதில் இன்னும் சில வண்டிகள் நிற்பதைப் பார்க்கிறேன். வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லியில் ஒரு கல்யாண வரவேற்பு. நானும் வீட்டம்மாவும் பேத்தியும் போயிருந்தோம். திரும்பும்போது இரவு பத்து மணி இருக்கும். மதுரவாயலில் பைபாஸ் ஏறி அம்பத்தூர் பக்கம் வந்துகொண்டிருக்கிறோம். "என்னங்க, மீட்டர்ல வெளிச்சமே இல்லையே" என்றாள் வீட்டம்மா. ஹெட்லைட் நன்றாக எரிகிறது, ரோடு தெரிகிறது. "மெதுவாத்தானே போறேன், மீட்டர் தெரியலைன்னா என்ன" என்று சொல்லிவிட்டு ஓட்டினேன்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்து, கடைசி நேரத்தில் வலது பக்கம் ஒடித்துத் தாண்டிப் போனது. தாண்டும்போது கிளீனர் பையன் தலையை வெளியே நீட்டி, "பெருசு, பின்னாடி லைட்டே இல்ல, ஓரமா போ!" என்று கத்தினான். பேத்தி பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஹஸார்டு லைட் மட்டும் எரிந்தது. அதைப் போட்டுக்கொண்டு இடது ஓரமாக ஊர்ந்து, கீழே சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கி வீடு வந்து சேர்ந்தோம்.

மீட்டர் விளக்குக்கும் பின் விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பல பழைய கார்களில் டேஷ்போர்டு வெளிச்சம், பின்னால் இருக்கும் டெயில் லைட், நம்பர் பிளேட் விளக்கு, முன்னால் இருக்கும் சின்ன பார்க்கிங் விளக்கு எல்லாம் ஒரே பியூஸில் ஓடுகின்றன. ஹெட்லைட், பிரேக் லைட், ஹஸார்டு ஆகியவற்றுக்கு வேறு பியூஸ். அதனால் டெயில் லைட் பியூஸ் போனால் முன்னால் வெளிச்சம் குறையாது. ஓட்டுகிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. தெரிகிற ஒரே அடையாளம் மீட்டர் இருட்டாவதுதான்.

மோட்டார் வாகன விதிகள் சூரியன் மறைந்து அரை மணி நேரத்திலிருந்து விளக்கு எரிய வேண்டும் என்கின்றன. பின் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற லாரி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். அப்படியானால் 155 மீட்டர் என்பது அந்த டிரைவருக்குக் கிடைக்கும் 7 விநாடி. என் வண்டி அன்றைக்கு அந்த ஏழில் ஒன்றைக்கூட அவருக்குக் கொடுத்திருக்காது.

மறுநாள் நான் செய்த முட்டாள்தனத்தையும் மறைக்கப் போவதில்லை. பியூஸ் பெட்டியைத் திறந்தேன். நீல நிற 15 ஆம்பியர் பியூஸ் எரிந்திருந்தது. புதிது போட்டேன், அதுவும் போனது. வீட்டில் பச்சை நிற 30 ஆம்பியர் ஒன்று கிடந்தது. அதைச் சொருகினேன். எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தன. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் கால் பக்கத்தில் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது.

வங்கியில் காசாளருக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேல் பணம் கொடுக்க வேண்டுமென்றால் மேலதிகாரி கையெழுத்து வேண்டும். வரம்பு வைத்திருப்பது வங்கியைக் காப்பாற்ற. பியூஸும் அப்படித்தான். அது காப்பாற்றுவது விளக்கை அல்ல, ஒயரை. பெரிய பியூஸ் போட்டால் முதலில் எரிவது ஒயர்தான். பியூஸ் அப்படியே இருக்கும். சிலர் பியூஸில் செம்புக் கம்பி சுற்றுகிறார்கள், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது வண்டிக்குத் தீ வைக்கிற வேலை.

நான் அன்றைக்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டிருக்கலாம். டெயில் பல்பு 5 வாட், இரண்டு. முன் பார்க்கிங் பல்பு 5 வாட், இரண்டு. நம்பர் பிளேட் 5 வாட். டேஷ்போர்டு பல்புகளுக்கு மொத்தம் 10 வாட் வைத்துக்கொள்வோம். ஆக மொத்தம் 35 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 3 ஆம்பியர். மூன்று போகிற இடத்தில் பதினைந்தே தாங்கவில்லை என்றால் நடுவில் எங்கோ கசிகிறது என்றுதானே அர்த்தம்?

பிறகு ஒரு பெரியவரிடம் போனேன். நம் ஏரியாவில் நாற்பது வருடமாக ஒயரிங் வேலை பார்ப்பவர். பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1961-இல் தொடங்கியது. ஸ்டார்ட்டர், டைனமோ, வைப்பர் மோட்டார் என்று நாடு முழுக்கப் போனது. கூடவே அம்பத்தூர் எஸ்டேட்டும் வளர்ந்தது. அதனால் நம் பக்கத்தில் வண்டி கரண்ட் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.

அவர் முதலில் என் 30 ஆம்பியர் பியூஸைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்த பார்வையே போதும். பிறகு டெயில் பல்புகளைக் கழற்றினார். பியூஸ் இருக்கும் இடத்தில் இரண்டு ஒயர் வைத்த ஒரு பிரேக் பல்பை மாட்டினார். பார்க்கிங் சுவிட்சைப் போட்டார். அந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. "ஷார்ட் இருக்குற வரைக்கும் இது பளிச்னு எரியும் சார். ஒயரை ஆட்டிக்கிட்டே போவோம். எங்க மங்குதோ அங்கதான் கோளாறு" என்றார்.

மேட்டைத் தூக்கி ஒயரை முன்னாலிருந்து பின்னால் ஆட்டிக்கொண்டே போனார். இடது பின் சக்கரத்துக்கு மேலே கை வைத்ததும் பல்பு மங்கியது. அந்த இடத்தில் ஒயர் தகட்டில் ஒரு ஓட்டை வழியாகப் போகிறது. ஓட்டையைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை உரசி உரசிச் செம்பு வெளியே தெரிந்தது. பத்து ரூபாய் ரப்பர். கருகிய துண்டை வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, புது ரப்பர் மாட்டி, பழைய 15 ஆம்பியரையே போட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தப் பியூஸ் போகவில்லை.

இரண்டாவது கோளாறு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வந்தது. அப்போது அம்பத்தூர், கொரட்டூர், பட்டரவாக்கம் எல்லாம் தண்ணீர் நின்றதை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. சில வாரம் கழித்து என் வண்டியில் ஒரு வேடிக்கை. லைட் போட்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால் இடது பக்கம் டெயில் லைட் மங்கும், இண்டிகேட்டர் லேசாக எரியும். பல்பை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை.

இங்கேதான் என் பி.காம். உதவியது. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று படித்தோம். கரண்டும் அப்படித்தான். பேட்டரியிலிருந்து பல்புக்குப் போனது திரும்பிப் பேட்டரிக்கு வந்தாக வேண்டும். திரும்பும் வழிதான் எர்த். வண்டியின் தகடே அந்த வழி. எர்த் ஒயரை தகட்டில் பிடித்திருக்கும் திருகு துருப்பிடித்தால் கரண்ட் திரும்ப வழியில்லாமல் பக்கத்துப் பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். ஒன்றை அழுத்தினால் இன்னொன்று எரிவது அதனால்தான். பின் விளக்குகள் ஒன்றோடொன்று கலந்து விளையாடினால் பல்பைச் சந்தேகப்படாதீர்கள், எர்த்தைப் பாருங்கள்.

சோதிப்பதும் சுலபம். விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பல்பு ஹோல்டரின் எர்த்திலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் எர்த் சரியில்லை. திருகைக் கழற்றி, உப்புத்தாளால் தகடு பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். ஹோல்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அதையும் சுரண்டி எடுங்கள். எனக்கு அந்த வேலை அரை மணி நேரம்.

டேஷ்போர்டில் இன்னும் சில அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன். இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது. எல்.இ.டி. பல்பு மாற்றினாலும் இப்படி அடிக்கும். சாவி போட்டதும் பேட்டரி விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் பெல்ட்டையும் டைனமோவையும் பாருங்கள். மல்டிமீட்டரில் இன்ஜின் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. பெட்ரோல் முள் மட்டும் பொய் சொன்னால் டேங்க் மிதவையின் பக்கம் கோளாறு. பெட்ரோல் முள், சூடு முள் இரண்டும் சேர்ந்து பொய் சொன்னால் மீட்டருக்குப் பொதுவாக வரும் கரண்டிலோ எர்த்திலோ கோளாறு. ஆயில் விளக்கு ஓடும்போது எரிந்தால் ஆராய்ச்சி வேண்டாம், உடனே நிறுத்தி இன்ஜினை அணையுங்கள்.

வங்கியில் கணக்கு இடித்தால் எல்லாப் பேரேட்டையும் திருப்பி எழுத மாட்டோம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்குமோ என்று பார்ப்போம். வித்தியாசத்தில் பாதித் தொகை தவறான பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். வண்டிக்கும் அதே புத்தி போதும். எது எரிகிறது, எது எரியவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். எரியாதவை எல்லாம் ஒரே பியூஸா என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும்.

கடைசியாக, எல்லோரும் செய்யக்கூடியவை:

1. வாரம் ஒரு முறை இருட்டிய பிறகு வண்டியைக் காம்பவுண்டு சுவருக்குப் பின்பக்கம் காட்டி நிறுத்துங்கள். லைட்டைப் போட்டு, பிரேக்கை மிதித்து, கண்ணாடியில் சுவரைப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் இரண்டு பக்கமும் விழ வேண்டும். துணைக்கு ஆள் தேவையில்லை.

2. எந்தப் பியூஸ் எத்தனை ஆம்பியர் என்று மூடியிலோ கையேட்டிலோ பார்த்து அதே அளவில் இரண்டு உபரி வைத்திருங்கள்.

3. ஒயரில் கை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள்.

4. வண்டிக்குள் மழைத் தண்ணீர் புகுந்திருந்தால் சாவியே போடாதீர்கள். நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மேட்டை எடுத்துக் காயவைத்து, ஆளை அழையுங்கள்.

5. ஏர்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் உறை போட்ட ஒயரை நீங்களாகத் தொடவேண்டாம்.

டெஸ்ட் லேம்ப் ஒன்றும் மல்டிமீட்டர் ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. ஞாயிறு காலை ஏழு முதல் எட்டு வரை பார்க்கிங்கில்தான் இருப்பேன். கட்டணம் கிடையாது, வீட்டில் காபி கொடுத்தால் மறுக்க மாட்டேன். ரிப்பேர் செய்து தருவேன் என்று சொல்லவில்லை. எங்கே கோளாறு என்று தெரிந்துகொண்டு மெக்கானிக்கிடம் போனால் பாதிப் பணம் மிச்சம்.

அந்த லாரி கிளீனர் பையன் யார் என்று எனக்குத் தெரியாது. நன்றி சொல்ல வழியில்லை. நீங்கள் ரோட்டில் போகும்போது முன்னால் ஒரு வண்டி பின் விளக்கில்லாமல் போனால், பக்கத்தில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். உள்ளே இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.